கோழிகளுக்கு எடுத்த பாடம்

ஜனவரி 19, திங்கள்

முதல் முட்டை இன்று வந்தது. நான் செய்து வைத்த பெட்டியில் அல்ல, அப்பாவின் ஹெல்மெட்டில்.

அப்பா ஹெல்மெட் போடுகிறவர் இல்லை. அது இரண்டு வருடமாகப் பின்கட்டில் மல்லாந்து கிடக்கிறது. இன்றைக்கு பைபாஸில் போலீஸ் நிற்கிறது என்று யாரோ போன் செய்ததால் அவசரமாக எடுத்துத் தலையில் கவிழ்த்தார். தலையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமலேயே போய் போலீஸில் மாட்டிக்கொண்டார்.

கோழி வளர்ப்பவர் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதனால் இந்த நோட்டு. சான்றிதழோடு ஆறு குஞ்சுகளும் கொடுத்தார்கள். இப்போது ஐந்தரை மாதம். முட்டை வைக்கத் தொடங்கும் பருவம். இந்தப் பருவத்தில் கோழிக்கு எந்த இடம் பழகுகிறதோ அதுதான் கடைசிவரை.

பிப்ரவரி 20 அன்று கால்நடை மருத்துவர் பெனிட்டா வருகிறார். இரண்டு விஷயம் பார்ப்பார். என் கோழிகள் பெட்டியில் முட்டையிடுகின்றனவா. மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர் முன்னால் நான் பத்து நிமிடம் பேசுகிறேனா. இரண்டும் சரியாக இருந்தால் வட்டாரக் கோழிப் பயிற்றுநர் வேலை. ஒரு வருடத்துக்குத்தான். ஆனாலும் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிற முதல் ஆளும் நான்தான்.

முட்டை விஷயம் சமாளித்துவிடலாம். பேச்சுதான் பயம். விலங்கியல் கடைசி வருட செமினாரில் எழுந்து நின்று, “மண்புழு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான்.

ஜனவரி 21, புதன்

பயிற்சியில் சொன்னபடி மூன்று தக்காளிப் பெட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே தேங்காய் நார் பரப்பி, அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்திருக்கிறேன். அப்போதுதான் எந்தக் கோழி எப்போது ஏறுகிறது என்று பார்த்து எழுத முடியும். காலை ஆறரை முதல் பத்து வரை ஜன்னலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு கோழிகளும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தன. பிறகு போய்விட்டன.

முட்டை ஒன்று: அரிசி களையும் சட்டியில். முட்டை இரண்டு: என் பொது அறிவுப் புத்தகத்தின் மேல்.

“அதுவாச்சும் அதத் தொறந்து பாத்துச்சே” என்றாள் அம்மா.

ஜனவரி 22, வியாழன்

கண்ட இடத்தில் போடும் கோழிக்கு வழி காட்ட, பெட்டியில் ஒரு போலி முட்டை வைக்க வேண்டும். பிங்பாங் பந்து வைத்தேன். எங்கள் கோழிகளில் பெரியவளுக்கு அம்மா ‘தாசில்தார்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். எல்லா இடத்தையும் நின்று பார்ப்பாள், எந்த வேலையும் செய்ய மாட்டாள். தாசில்தார் பெட்டிக்குள் போய்ப் பந்தை ஒரு கொத்து கொத்தினாள். பந்து துள்ளி வாய்க்காலில் விழுந்தது. மற்ற ஐவரும் பெட்டியை விட்டு ஓடிவிட்டார்கள்.

ஜனவரி 24, சனி

புதுப் பிரச்சினை. போட்ட முட்டையை அவர்களே உடைத்துக் குடிக்கிறார்கள். இது ஒட்டுவாரொட்டி மாதிரி. ஒரு கோழி பழகினால் எல்லாம் பழகும். வெறும் ஓட்டுக்குள் காரமாக எதையாவது நிரப்பி வைத்தால் விட்டுவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இரண்டு கரண்டி மிளகாய்ப்பொடியைக் குழைத்து நிரப்பி வைத்தேன்.

நின்று சாப்பிட்டார்கள். ஓட்டைக்கூட விடவில்லை.

பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது என்பது எனக்கு இரண்டாம் வருடப் பாடத்தில் வந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

“தொட்டுக்கச் சட்னி வைக்கலையா?” என்றாள் அம்மா.

கிளிஞ்சலை இடித்துத் தீவனத்தில் சேர்த்தேன். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் இந்தப் பழக்கம் வருமாம்.

ஜனவரி 27, செவ்வாய்

முட்டை குடிப்பது நின்றுவிட்டது. ஏனென்றால் முட்டையே இல்லை.

ஜனவரி 28

இல்லை.

ஜனவரி 29

இல்லை. ஆனால் தாசில்தார் காலை ஒன்பது மணிக்கு முட்டை போட்ட கோழி மாதிரிக் கொக்கரித்தாள். வீண் பெருமை.

ஜனவரி 31, சனி

பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு வரியாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் கொல்லைக்கும் மாரிக்கனி அத்தையின் கொல்லைக்கும் நடுவே முள்வேலி. அத்தை அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு தனியாக இருக்கிறாள். ஒரு சேவலும் ஒரு கருப்புக் கோழியும் துணை. அம்மாவும் அத்தையும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. காரணம் நான்.

என் சடங்குக்கு அத்தை பதினேழு சீர்த்தட்டோடு மேளம் வைத்து வந்தாள். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவரை உட்காரவைத்தது அம்மா. சிடி வந்தபோது அதில் அத்தையும் இல்லை, ஒரு தட்டும் இல்லை. “வேணும்னே பண்ணிட்டா” என்றாள் அத்தை. “பசிக்குதுன்னு சொன்ன மனுசனுக்குச் சோறு போட்டது குத்தமா?” என்றாள் அம்மா. அத்தோடு சரி.

பேச்சு நின்றதே தவிரச் செய்தி நிற்கவில்லை. அம்மா சொல்ல வேண்டியதை வேலியோரம் நின்று கோழியிடம் சொல்வாள். இன்று காலைகூட, “ஏ கோழி, நாளைக்குப் பூராக் கரண்டு இருக்காதாம்ல. தண்ணியப் பிடிச்சு வச்சுக்க” என்றாள். அடுத்த நிமிடம் அத்தை வீட்டில் மோட்டார் ஓடியது. அத்தை தன் பங்குக்குச் சேவலிடம் பதில் சொல்வாள். கோழி வருவதற்கு முன்னால் ஆடு இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பூனை. பாவம், அது எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டு ஓடிப்போயிற்று.

அப்பா மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார். இரண்டு வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார்.

நான் அத்தையைத் தெருவில் பார்த்தால் குனிந்துகொள்வேன். ஒன்பது வருடமாகக் குனிந்து பழகிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

பேச்சுக்குப் பயிற்சி தொடங்கினேன். வீட்டுக்குள் டிவி. மொட்டைமாடி இல்லை. அதனால் சாயங்காலம் நான்கு மணிக்கு, யார் கண்ணிலும் படாத இடமாக, வேலியோரம் முருங்கை மரத்தடியில் நின்று கோழிகளிடம் பேசினேன்.

“முட்டையிடும் பெட்டி இருட்டான மூலையில் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் கூடாது. தரையிலிருந்து ஒரு முழ உயரம் போதும்.”

மூன்று வாக்கியம். தாசில்தார் கடைசிவரை நின்றாள். அந்தப் பக்கம் அத்தை பாத்திரம் விளக்கும் சத்தம் பாதியில் நின்றது. தண்ணீர் தீர்ந்திருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஐந்து நிமிடம் பேசினேன். படுக்கை, வைக்கோல், பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலை. முடித்துத் திரும்பும்போது அத்தை சேவலை ஏசுவது கேட்டது.

“இருட்டு மூலையாம், வேப்பலையாம்! எத்தன கோழிக்கு எத்தன பொட்டின்னு சொன்னாத்தானடா தெரியும்? மொட்டையாச் சொன்னா யாருக்கு வெளங்கும்?”

சேவலுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்டிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை என்று முடிவு செய்தேன். ஆனால் என் உரையில் அந்தக் குறிப்பு விட்டுப்போயிருப்பது உண்மைதான். நல்ல வேளை.

முட்டை இல்லை.

பிப்ரவரி 4, புதன்

“நான்கு கோழிக்கு ஒரு பெட்டி” என்பதைச் சேர்த்துக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அந்தப் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம்.

பிப்ரவரி 6, வெள்ளி

கோழிகளைக் காலை பதினொரு மணிவரை அடைத்து வைத்தால் வேறு வழியில்லாமல் பெட்டியில் போடும். அதனால் கூண்டைப் பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். எட்டேகாலுக்குத் திரும்பியபோது கூண்டு திறந்து கிடந்தது.

“கத்துதுகடி. பாவமா இருந்துச்சு, தொறந்து விட்டேன்” என்றாள் அம்மா. நான் குழந்தையாக இருந்தபோது கத்தினால் அம்மா இப்படியெல்லாம் இரங்கியதாக நினைவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வேலியைச் சரிபார்க்கச் சொன்னேன். அம்மா காலையிலிருந்து முள் வெட்டி அடைத்தாள். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அகலம் விட்டுப்போயிற்று. முள் தீர்ந்துவிட்டதாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா கையைக் கழுவிக்கொண்டே வந்தார். “எனக்கு வேணாம். அக்கா வீட்ல முட்டக் கொழம்பு” என்றார். சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

அம்மா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, “உப்பு சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

அத்தையிடம் ஒரே ஒரு கோழிதான் இருக்கிறது. கடையில் வாங்கியிருப்பாள்.

பிப்ரவரி 12, வியாழன்

காலை ஒன்பது மணி. வேலி இடைவெளி வழியாகத் தாசில்தார் வந்தாள். முதுகில் ஒரு துண்டு வைக்கோல். எங்கள் வீட்டில் வைக்கோல் கிடையாது. என் பெட்டிகளில் இருப்பது தேங்காய் நார். காற்றில் வந்து ஒட்டியிருக்கும்.

எழுதியதை மறுபடி படித்தேன். காற்றில் வராது.

பிப்ரவரி 13, வெள்ளி

அத்தை வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். “அத்தை, எங்க கோழி உங்க வீட்ல முட்டை போடுதா?” ஏழே சொல். தெருவைச் சுற்றிப் போனால் நாற்பது அடி. முப்பது அடி போனேன். அத்தை வாசலில் நின்று கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்து, செருப்பைச் சரிசெய்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

சாயங்காலம் கோழிகளுக்குப் போலி முட்டை பற்றிச் சொன்னேன். “முட்டை போலவே இருக்கிற எதையும் வைக்கலாம். பந்து வேண்டாம்.”

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்னும் மூன்று நாள். பெட்டியில் முட்டை: இல்லை. பேச்சு: பதினொரு நிமிடம், தடங்கல் இல்லாமல், வேலி தாண்டிக் கேட்கிற குரலில். கோழிகளிடம்.

அம்மாவிடம் சொன்னேன், முட்டை அந்த வீட்டில் கிடக்கிறது என்று. “எங்கிட்டுப் போட்டா என்னடி? கோழிக்குப் பிடிச்ச எடம் அது” என்றாள். வேலை போய்விடும் என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். “மூணு மாசத்துக்கு முந்தி நீ கடையில உப்பு கேக்கவே என்னையத்தான் அனுப்புவ. இப்பப் பாரு, எம்புட்டுச் சத்தமாப் பேசுற” என்றாள். நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

அப்பா ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ கவலைப்படாத. அப்பா இருக்கேன்” என்றார். அப்பா யோசித்தால் எனக்குக் கவலை அதிகமாகும்.

பிப்ரவரி 20, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு டாக்டர் பெனிட்டா வந்தார். குழுப் பெண்கள் பத்துப் பேரும் கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். டாக்டர் நேராகப் பெட்டிகளிடம் போய்க் குனிந்தார். “அடடே, ஆறு முட்டை!” என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

டாக்டர் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “ஆறு கோழி, ஆறு முட்டை. எல்லாம் சில்லுன்னு இருக்கு. உங்க கோழி பழுப்பு முட்டைதான் போடும். இது வெள்ளை. எந்தக் கடையில மேயுது?”

பெண்கள் சிரித்தார்கள். அப்பா முருங்கை மரத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் டாக்டர் சிரித்துவிட்டு விட்டிருப்பாரோ என்னவோ. ஆனால் என் வாய் திறந்துவிட்டது.

“மேடம், அது எங்க கோழி போட்டதில்லை. அப்பா வாங்கி வச்சது. என் பெட்டியில ஒரு மாசமா ஒரு முட்டைகூட விழலை.”

“சரி. பேசுங்க, அதையாவது கேப்போம்.”

பாய்க்கு முன்னால் நின்றேன். இருபது கண்கள். ‘மண்புழு’ என்று வந்துவிடுமோ என்று பயந்தேன், அதுகூட வரவில்லை. பாயின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஜக்கம்மாள் அக்கா, “தண்ணி குடிச்சுக்கத்தா” என்றாள். குடித்தேன். அப்போதும் வரவில்லை.

மணி பத்தரை. நான்கு மணிக்கு நிற்கிற பழக்கத்தில் தாசில்தார் முருங்கை மரத்தடிக்கு வந்து நின்றாள். நான் பாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவளைப் பார்த்து ஆரம்பித்தேன். இருட்டு மூலை, ஒரு முழ உயரம், வைக்கோல், வேப்பிலை, நான்கு கோழிக்கு ஒரு பெட்டி, போலி முட்டை, கிளிஞ்சல், மிளகாய்ப்பொடி வேண்டவே வேண்டாம் என்பது வரைக்கும். பெண்கள் எழுந்து சுற்றிவந்து கோழிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்கள். முடிக்கும்போது நான் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

“எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. அப்புறம் ஏன் உங்க பெட்டி வெயில்ல, ஜன்னலுக்கு எதிர்ல இருக்கு?”

“எந்தக் கோழி ஏறுதுன்னு பாத்து எழுத, மேடம்.”

“இப்படி உத்து உத்துப் பாத்துட்டு உக்காந்தா யாருக்குத்தான் முட்டை வரும்?”

எனக்கும் அப்படித்தான் மேடம், என்று சொல்ல நினைத்தேன்.

அந்த நேரம் தாசில்தார் கொக்கரித்துக்கொண்டே வேலி இடைவெளிக்குள் நுழைந்தாள். பின்னால் இன்னும் இரண்டு கோழிகள்.

“அந்தப் பக்கம் யார் வீடு?” என்றார் டாக்டர்.

அம்மா குனிந்து, மிச்சம் நின்ற கோழிகளில் ஒன்றிடம் சொன்னாள்: “ஏ கோழி, அது எங்க வீட்டுக்காரரு அக்கா வீடுன்னு டாக்டரம்மாட்டச் சொல்லு.”

டாக்டர் கோழியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நடக்கத் தொடங்கினார். தெருவைச் சுற்றிப் பதினான்கு பேரும் போனோம். நாற்பது அடி. நான்தான் முதலில் போய் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அத்தை வீட்டுக் கொல்லையில், ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இரண்டு பெட்டிகள். கோழிகளில் ஆறு எங்களுடையவை, ஒன்று அவளுடையது, நான்குக்கு ஒரு பெட்டி. சாக்குத் திரை. வைக்கோல். வேப்பிலை. ஒரு பெட்டிக்குள் தாசில்தார், கண்ணை மூடி, கவனமாக. இன்னொன்றில் மூன்று பழுப்பு முட்டைகளும் ஒரு வெள்ளைக் கத்தரிக்காயும்.

“முட்ட மாதிரி எதையாச்சும் வையின்னு சொல்லுச்சு. மூணு நாளைக்கு ஒருக்கா மாத்திருவேன், வதங்கிரும்ல” என்றாள் அத்தை டாக்டரிடம்.

“யார் சொன்னது?”

“எந் தம்பி மகதான். தெனமும் நாலு மணிக்கு வேலியோரமா வந்து கோழிட்டச் சொல்லிட்டுப் போகும். கோழிட்டச் சொன்னா எனக்குன்னுதான அர்த்தம்? நாங்க அப்படித்தான். சரி, முட்டைய நேராக் குடுக்க மனசு வரல, கோழிய விட்டுக் குடுத்து அனுப்புறாக போலன்னு வச்சுக்கிட்டேன்.” பிறகு என்னிடம், “ஏத்தா ஈஸ்வரி, நீ சொன்னபடிதான வச்சிருக்கேன்? ஒசரம் சரியா இருக்கா?”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அத்தை முகத்தை நேராகப் பார்த்தேன். மூக்குத்தி மாறியிருக்கிறது.

“சரியா இருக்கு அத்தை” என்றேன்.

டாக்டர் சாக்குத் திரையை விலக்கி இரண்டு பெட்டிக்குள்ளும் பார்த்தார். “கோழி உங்க பேச்சைக் கேக்கலை. பக்கத்து வீடு கேட்டிருக்கு. எனக்கு வேண்டியது பக்கத்து வீடுதான்” என்றார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

பிறகு போனை எடுத்து, பெட்டிகளை வீடியோ எடுக்கப் போனார். அத்தை சட்டென்று ஒதுங்கிச் சுவரோரம் நின்றுகொண்டாள். முந்தானையை இழுத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“நிறுத்துங்க டாக்டரம்மா!”

அம்மாதான். வாசற்படியிலேயே நின்றவள் உள்ளே வந்துவிட்டாள். கோழி எதுவும் பக்கத்தில் இல்லை.

“பொட்டிய மட்டும் எடுக்காதீக. எங்க மதினிய எடுங்க. மொகம் நல்லாத் தெரியிற மாதிரி எடுங்க.” பிறகு அத்தையிடம், நேராக: “மதினி, மொகத்தத் தொடச்சிட்டு இப்படி நடுவுல வந்து நில்லுங்க. கத்தரிக்காயக் கையில வச்சுக்கங்க.”

அத்தை முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“வீடியோ எடுக்குறவக சாப்பிட்டாகளா?” என்றாள்.

“சாப்பிட்டுத்தான் வந்தேன்” என்றார் டாக்டர், ஒன்றும் புரியாமல்.

“அப்பச் சரி” என்றாள் அத்தை. வந்து நடுவில் நின்றாள்.

பிப்ரவரி 21, சனி

குளியலறைக்குப் பின்னால் ஒரு கட்டு முள் கிடக்கிறது. வெட்டி இரண்டு வாரம் இருக்கும். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டிகளை ஜன்னலிலிருந்து எடுத்துக் கொல்லையின் கோடியில், இருட்டில் வைத்தேன். பார்ப்பதில்லை என்று முடிவு.

பிப்ரவரி 26, வியாழன்

திங்கள் முதல் வேலை. முதல் வகுப்பு பக்கத்து ஊரில், முப்பது பேர். தாசில்தாரைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, முதல் வகுப்புக்கு மட்டும் என்றார்.

இன்று காலை என் பெட்டியில் ஒரு முட்டை. முதல் முட்டை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு இல்லை, வெள்ளையும் இல்லை, சந்தன நிறம். எங்கள் கோழி எதுவும் இந்த நிறத்தில் போடாது. பெட்டி மூலையில் ஒரு கருப்பு இறகு.

அம்மா வேலியோரம் போய்க் குரல் கொடுத்தாள்.

“மதினி! உங்க கோழி எங்க பொட்டியில போட்டுட்டுப் போயிருக்கு!”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

“இப்பத்தான் பொட்டிய ஒழுங்கா வச்சிருக்கீக போல!” என்றாள் அத்தை.